ஒரு 'ந' போதும்!

1765 ஆகஸ்ட் மாதம். வங்காளம், பீகார், ஒரிஸா மூன்றிலும் வரி வசூலிக்கும் 'திவானி' உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தார் மொகலாயச் சக்ரவர்த்தி இரண்டாம் ஷா ஆலம். பதிலுக்கு அவருக்கு வருஷம் 26 லட்ச ரூபாய். கம்பெனிக்கு அடித்தது ஜாக்பாட்!

ஆனால், ஒரு சிக்கல். வரிக்கணக்கு, நிலப் பத்திரம், தீர்ப்பு, நவாப்களின் கடிதம்... எல்லாம் பாரசீகம். வெள்ளைக்காரர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வெகு சிலரே. 17 வயசில் கல்கத்தாவுக்கு வந்து பாரசீகம் கற்ற வாரன் ஹேஸ்டிங்ஸ் மாதிரி! மற்றவர்களுக்கு 'முன்ஷி' என்ற எழுத்தர்தான் கதி. அவர் படித்துச் சொன்னதுதான் சேதி. அவர் கொஞ்சம் மாற்றிச் சொன்னால்?

இந்தப் பயம்தான், லண்டனில் வில்லியம் ஜோன்ஸ் என்ற இளைஞர் எழுதிய பாரசீக இலக்கணப் புத்தகத்துக்கு மவுசு தந்தது. அது வெளிவந்த 1771-ல் அவர் இந்தியாவில் காலே வைத்திருக்கவில்லை!

அப்படி என்னதான் கஷ்டம் அந்த மொழியில்? 'மன் கிதாப் மீகானம்.' மன் - நான், கிதாப் - புத்தகம், மீகானம் - படிக்கிறேன். அட, நம்ம வரிசை! இங்கிலீஷ்காரர் 'நான் படிக்கிறேன் புத்தகம்' என்றல்லவா சொல்வார்? கடைசியில் வரும் 'அம்', நம்ம 'ஏன்' மாதிரி. அதனால் 'மன்' என்பதை விட்டுவிட்டாலும் அர்த்தம் கெடாது. 'புத்தகத்தை' என்று குறிப்பாகச் சொல்ல வேண்டுமா? 'கிதாப் ரா'. நம்ம 'ஐ' வேலையை அந்த 'ரா' பார்த்துக்கொள்ளும்.

வினைச்சொல் கடைசியில் என்பதுதான் விஷயமே. 'தாத்' என்றால் கொடுத்தார். 'நதாத்' என்றால் கொடுக்கவில்லை. சக்ரவர்த்தி, மாகாணம், வரி என்று நீளமாகப் போகும் வாக்கியத்தின் வாலில், ஒரு 'ந' இருக்கிறதா இல்லையா என்பதில் ராஜ்ஜியமே தொங்கும்!

வேடிக்கை என்னவென்றால், குடும்பப்படி பார்த்தால் பாரசீகம் இங்கிலீஷுக்குத்தான் தூரத்துச் சொந்தம். பிதர், மாதர், பிராதர்... ஃபாதர், மதர், பிரதர் காதில் விழுகிறதா? சொல்லில் அந்தப் பக்கம், வாக்கிய வரிசையில் நம்ம பக்கம்.

நாம் தடுமாறும் இடமும் உண்டு. 'கோஹ்-இ-நூர்' - கோஹ் என்றால் மலை, நூர் என்றால் ஒளி. நாம் 'ஒளியின் மலை' என்போம்; அவர்களுக்கு மலை முதலில், ஒளி பிறகு. நடுவில் இருக்கும் அந்தக் குட்டி 'இ'தான் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது.

1800-ல் வெல்லெஸ்லி, கல்கத்தாவில் ஃபோர்ட் வில்லியம் காலேஜ் தொடங்கினார். கம்பெனி இளைஞர்கள் அங்கே பாரசீகம் படித்தார்கள். வேர் பிடித்ததும் கம்பெனிக்கு அந்த மொழி சுமையாகிவிட்டது. கோர்ட்டிலும் வருவாய்த் துறையிலும் பாரசீகத்தைக் கைவிட 1837-ல் சட்டம் வந்தது. கீழ்மட்டத்தில் உள்ளூர் மொழிகள், மேலே இங்கிலீஷ். தலைமுறை தலைமுறையாகப் பாரசீகம் எழுதிப் பிழைத்த முன்ஷிகளின் பாடு திண்டாட்டமானது.

மொழி போனாலும் அதன் இலக்கணம் நம்மூர் ஆபீஸ் போர்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. 'தார்' என்றால் வைத்திருப்பவர். ஜமீன் என்றால் நிலம். நிலத்தை வைத்திருப்பவர் ஜமீன்தார். தாசில் என்றால் வசூல். அதைக் கையில் வைத்திருப்பவர்..? சொல்லவே வேண்டாம். அங்கேயும் பாருங்கள், வினை கடைசியில்தான்!