சிரிக்கும் உரிமை: ஜேன் ஆஸ்டினின் அங்கதமும் பெண்ணின் வருமானமும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அங்கத இலக்கியத்தில் பெண் பெரும்பாலும் சிரிப்புக்கு உரிய பொருளாகவே வருகிறாள். அலெக்சாண்டர் போப்பின் ‘தி ரேப் ஆஃப் தி லாக்’ கவிதை இதற்கு முதன்மையான சான்று. பீட்டர் பிரபு, அராபெல்லா ஃபெர்மோர் என்ற இளம்பெண்ணின் கூந்தல் சுருள் ஒன்றை அவள் சம்மதமின்றி வெட்டிவிட்டார். இதனால் இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்களுக்கிடையே மனத்தாங்கல் மூண்டது. அதைச் சிரிப்பால் ஆற்றும்படி நண்பர் ஜான் கேரில் கேட்டுக்கொண்டதன் பேரில் போப் இக்கவிதையை எழுதினார். 1712இல் இரண்டு காண்டங்களாக வெளிவந்து, 1714இல் ஐந்து காண்டங்களாக விரிந்தது. தவறு செய்தவர் ஓர் ஆண். ஆனால் கவிஞரின் பார்வை நெடுநேரம் தங்குவது நாயகி பெலிண்டாவின் ஒப்பனை மேசைமீதுதான். முகப்பூச்சும் காதல் கடிதங்களும் விவிலியமும் அந்த மேசையில் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. எதற்கு என்ன மதிப்பு என்று அறியாத பெண்மனம் நகைப்புக்கு உள்ளாகிறது. அழகு நிலைக்காது, நற்குணமே நிலைக்கும் என்று கிளாரிசா என்ற பாத்திரம் பேசும் பகுதியைப் போப் 1717இல் சேர்த்தார். வெட்டியவன் கையில் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தவளும் இதே கிளாரிசாதான். அறிவுரை பெண்ணுக்கே சொல்லப்படுகிறது. வெட்டியவனுக்கு யாரும் அறிவுரை சொல்வதில்லை.

ஜோனதன் ஸ்விஃப்ட் 1732இல் இன்னும் ஒருபடி மேலே போய், பெண்ணின் ஒப்பனை அறையையே அருவருப்பின் இடமாக்கிக் கவிதை எழுதினார். மேரி வொர்ட்லி மாண்டேகு சீமாட்டி 1734இல் அதற்குப் பதில் கவிதை எழுதி, ஸ்விஃப்டையே நகைப்பின் பொருளாக்கினார். அங்கதம் ஆண்களுக்கு மட்டும் கைவந்த கலை அன்று என்பதற்கு அது போதிய சான்று. இருந்தும் சண்டை ஒப்பனை அறையை விட்டு வெளியே வரவில்லை. அந்த அறைக்கு வெளியே பெண்ணின் வாழ்வைத் தீர்மானித்த சொத்துச் சட்டத்தை அங்கதத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியவர் ஜேன் ஆஸ்டின் (1775–1817).

சமூக ஏற்பாட்டைக் கேலி செய்ததோடு ஆஸ்டின் நிற்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். யாரைப் பார்த்து யார் சிரிக்கலாம் என்ற கேள்வியை அவர் நாவலுக்குள்ளேயே எழுப்பினார். சிரிப்பவரின் வருமானத்தையும் சிரிப்புக்கு ஆளானவரின் வருமானத்தையும் அருகருகே வைத்துச் சிரிப்பின் நியாயத்தை அளந்தார். அவரிடம் அங்கதமே விசாரணைக்கு உட்படுகிறது.

அக்காலச் சட்டத்தின் நிலையை வில்லியம் பிளாக்ஸ்டோன் 1765இல் வெளியிடத் தொடங்கிய சட்ட விளக்க நூல் தெளிவாகச் சொல்கிறது. திருமணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் ஆகிறார்கள். மனைவியின் தனி இருப்பு கணவனுக்குள் அடங்கிவிடுகிறது. அவளுடைய ரொக்கமும் நகையும் அவனுடையவை. நிலம் அவள் பெயரில் இருந்தாலும் அதன் வருவாயை நிர்வகிப்பவன் அவனே. பணக்காரக் குடும்பங்கள் திருமண ஒப்பந்தம் எழுதி, அறங்காவலர்களை நியமித்து, மகளின் பணத்தை ஓரளவு காப்பாற்றிக்கொண்டன. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு குறைவு. திருமணமாகாத பெண் சட்டப்படி சொத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் சொத்து அவளுக்கு வந்து சேரும் வழிகள் அடைபட்டிருந்தன. நிலம் மூத்த மகனுக்குப் போயிற்று. சில குடும்பங்களில் மகன் இல்லாவிட்டால் அது தூரத்து ஆண் உறவினருக்குப் போகும்படி முன்னோர் கட்டிவைத்திருந்தார்கள். படித்த பெண்ணுக்குக் கௌரவமான வேலை என்று இருந்தது பெரும்பாலும் வீட்டு ஆசிரியை வேலையே.

‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ 1811இல் ஆசிரியர் பெயரின்றி, ஒரு சீமாட்டி எழுதியது என்ற குறிப்போடு வந்தது. அதன் இரண்டாம் அத்தியாயம் ஓர் உரையாடல். ஆங்கில அங்கதத்தில் இதற்கு நிகரான பக்கங்கள் மிகச் சில. இறக்கும் தறுவாயில் தந்தை கேட்டுக்கொண்டபடி, சிற்றன்னைக்கும் மூன்று தங்கைகளுக்கும் உதவுவதாக ஜான் டாஷ்வுட் வாக்குக் கொடுத்திருக்கிறான். தங்கைக்கு ஆயிரம் பவுண்டு வீதம் மூவாயிரம் கொடுக்க நினைக்கிறான். மனைவி ஃபேனி மகனின் எதிர்காலத்தை எடுத்துப் பேசுகிறாள்; தொகை பாதியாகிறது. தாய்க்கு ஆண்டுக்கு நூறு பவுண்டு கொடுக்கலாமா என்கிறான். ஆண்டுத் தொகை வாங்குகிறவர்கள் நெடுநாள் வாழ்ந்துவிடுவார்கள் என்று அவள் அஞ்சுகிறாள். அப்படியானால் எப்போதாவது ஐம்பது பவுண்டு. அதுவும் வேண்டாம், வீடு தேடித் தருவது, சாமான்களை ஏற்றி அனுப்புவது, பருவத்துக்குப் பருவம் மீனோ வேட்டை இறைச்சியோ அனுப்புவது போதும். கடைசியில், அந்த நால்வரும் எடுத்துப் போகும் பீங்கான் பாத்திரங்கள் தங்களிடம் இருப்பவற்றைவிட அழகானவை என்ற வருத்தத்தில் ஃபேனியின் பேச்சு வந்து நிற்கிறது.

இந்தப் பக்கங்களில் ஆசிரியர் ஒரு வசைச்சொல்லும் சொல்வதில்லை. தொல்காப்பியம் பழிகரப்பு என்று வகுத்த அங்கதத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு: பழி மறைந்திருக்கிறது, எண்கள் பேசுகின்றன. இருவரும் சட்டத்துக்குப் புறம்பாக எதையும் செய்யவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். கொடுமை செய்யச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அதை நற்பண்பு என்று தங்களுக்கே நிறுவிக்கொள்ளும் பேச்சுத்திறன் மட்டுமே அவர்களுக்குத் தேவைப்படுகிறது. சக பெண்களின் வறுமைக்கு வழிசெய்பவளும் ஒரு பெண்தான். ஆஸ்டின் பெண்ணினத்துக்காகப் பரிந்து பேசும் வழக்கறிஞர் அல்லர். சொத்து எந்தக் கையில் இருந்தாலும் அந்தக் கையைக் கவனிக்கிறார்.

‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நாவலைக் காதல் நகைச்சுவை என்றே பலரும் படிக்கிறார்கள். அதன் கணக்கைப் பார்த்தால் வேறு நூல் தெரியும். குடும்பத் தலைவர் பென்னட்டின் ஆண்டு வருமானம் இரண்டாயிரம் பவுண்டு. அவர் இறந்தால் எஸ்டேட் தூரத்து உறவினரான பாதிரியார் காலின்ஸுக்குப் போகும். மனைவிக்கும் ஐந்து மகள்களுக்கும் எழுதிவைத்திருப்பது ஐயாயிரம் பவுண்டு. தாயின் காலத்துக்குப் பிறகு ஒரு மகளுக்கு ஆயிரம்; நான்கு விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு நாற்பது பவுண்டு. மகள்களில் ஒருத்தியான எலிசபெத்திடம் திருமணம் பேச வரும் காலின்ஸ் இந்த எண்ணை அவளிடமே சொல்லிக் காட்டுகிறார். அவர் முட்டாள்தான், ஆனால் அவர் சொல்லும் கணக்கில் பிழையில்லை.

நாவலில் அங்கதக்காரர் என்று சொல்லத்தக்கவர் பென்னட். நூலகத்தில் அமர்ந்தபடி மனைவியையும் விருந்தினரையும் நுட்பமாகக் கேலி செய்கிறார்; வாசகர் அவரோடு சேர்ந்து சிரிக்கப் பழகுகிறார். ஐம்பதாவது அத்தியாயத்தில்தான் உண்மை வெளிப்படுகிறது. மகன் பிறப்பான், அவன் வயதுக்கு வந்ததும் சேர்ந்து கையெழுத்திட்டு எஸ்டேட்டின் கட்டை உடைத்துவிடலாம் என்று நம்பி, திருமணமான நாளிலிருந்து அவர் வருமானம் முழுவதையும் செலவழித்திருக்கிறார். மகன் பிறக்கவில்லை, சேமிப்பும் இல்லை. கடைசி மகள் லிடியாவைப் பிரைட்டனுக்கு அனுப்ப வேண்டாம் என்று எலிசபெத் எச்சரிக்கும்போதும், வீட்டில் அமைதி கிடைக்கும் என்பதற்காக அதை ஒதுக்கிவிடுகிறார். பதினாறு வயதுப் பெண் விக்கம் என்ற படை அதிகாரியோடு ஓடிப்போகிறாள். விக்கமின் ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட கடனைத் தீர்த்து, லிடியாவுக்குக் கூடுதலாக ஆயிரம் எழுதிவைத்து, அவனுக்குப் படையில் பதவியும் வாங்கிக் கொடுத்துக் குடும்ப மானத்தைக் காப்பவன் எலிசபெத்தைக் காதலிக்கும் டார்சி. தந்தையின் நகைச்சுவைக்கு விலை கொடுத்தவர்கள் பிறர்.

மனைவியின் நிலை இதற்கு நேர்மாறு. திருமதி பென்னட்டின் குரல், நரம்புக் கோளாறுப் புலம்பல், விருந்தில் வாய்விட்டுப் பேசும் அவசரம் எல்லாவற்றையும் கதைசொல்லி இரக்கமின்றிக் காட்டுகிறார். சொத்தில்லாத பெண்ணையும் ஆஸ்டின் எள்ளி நகையாடத்தானே செய்தார் என்று இங்கே மறுப்பு எழலாம். மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தாயின் அச்சம் தவறானது என்று நாவல் எந்த இடத்திலும் நிறுவவில்லை. கணவர் இறந்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவள் அவள். மகள்களுக்கு மணம் முடிப்பது ஒன்றே வழி என்பது அந்த வீட்டிலேயே மிகத் தெளிவான பொருளாதார அறிவு. சிரிப்பு அவள் நடத்தைமீது விழுகிறது. அவள் கணக்குமீது விழவில்லை.

அதே கணக்கை அமைதியாகப் போட்டவள் எலிசபெத்தின் தோழி ஷார்லட் லூகாஸ். வயது இருபத்தேழு; அழகில்லை, பணமில்லை. எலிசபெத் மறுத்த காலின்ஸை அவள் ஏற்றுக்கொள்கிறாள். செய்தி வந்ததும் அவள் தாய், பென்னட் இன்னும் எத்தனை ஆண்டு உயிரோடிருப்பார் என்று எண்ணத் தொடங்குகிறாள். அக்காவைக் காலமெல்லாம் வைத்துக் காப்பாற்ற வேண்டிய கவலை தீர்ந்தது என்று சகோதரர்கள் மகிழ்கிறார்கள். மணமான பிறகு ஷார்லட் தான் புழங்க வீட்டின் பின்பக்க அறையைத் தேர்ந்தெடுக்கிறாள். சாலையைப் பார்த்த முன்னறை வசதியானது. ஆனால் அவள் அங்கே அமர்ந்தால் கணவர் தன் அறையை விட்டு அடிக்கடி அங்கே வந்துவிடுவார். எலிசபெத்துக்கு இது சற்றுத் தாமதமாகத்தான் புரிகிறது. பின்னறையைத் தேர்ந்துகொண்ட இந்த ஏற்பாட்டைப் பற்றி நாவல் கேலி செய்வதில்லை. தேர்வே இல்லாத இடத்தில் ஒரு பெண் தனக்கென்று எடுத்துக்கொண்ட சிறு இடம் அது.

‘எம்மா’ (1815) நாவலில் இந்தச் சிந்தனை வெளிப்படையாகவே பேசப்படுகிறது. முப்பதாயிரம் பவுண்டுக்கு உரிமையுள்ள எம்மா, பணமிருந்தால் மணமாகாத பெண்ணை யாரும் இழிவாக நினைக்க மாட்டார்கள், வறுமையே அவளைக் கேலிப் பொருளாக்குகிறது என்று தோழியிடம் தானே விளக்குகிறாள். பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில் அதே எம்மா, ஓயாமல் பேசும் ஏழை மிஸ் பேட்ஸை எல்லோர் முன்னும் குத்திக் காட்டுகிறாள். ஆளுக்கு மூன்று சுவையற்ற செய்திகளாவது சொல்லலாம் என்ற விளையாட்டு நடக்கிறது. தனக்கு அது எளிது என்கிறாள் மிஸ் பேட்ஸ். ஒரே வேளையில் மூன்றோடு நிறுத்த வேண்டியிருக்கிறதே என்கிறாள் எம்மா. கூர்மையான பதில்தான். குடும்ப நண்பர் நைட்லி பிறகு அவளைக் கண்டிக்கும்போது அந்தப் பதிலின் சுவையை மறுக்கவில்லை. மிஸ் பேட்ஸ் செல்வத்தில் உனக்கு நிகராக இருந்திருந்தால் நான் இதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன்; அவள் வறியவள், பிறந்தபோது இருந்த நிலையிலிருந்து தாழ்ந்தவள், முதுமையில் இன்னும் தாழக்கூடியவள் என்பதே அவர் பேச்சின் சாரம். அங்கதத்துக்கு ஆங்கில நாவல் வகுத்துக்கொண்ட அறநெறிகளில் இதைவிடத் துல்லியமான ஒன்றைக் காண்பது அரிது. மிஸ் பேட்ஸ் மறைந்த பாதிரியாரின் மணமாகாத மகள். ஆஸ்டினின் தந்தையும் பாதிரியார். 1805இல் அவர் இறந்தபின் ஆஸ்டினும் தாயும் தமக்கை கசாண்ட்ராவும் பெரும்பாலும் சகோதரர்கள் அனுப்பிய பணத்தில் வாழ்ந்தார்கள். 1809இல் சகோதரர் எட்வர்ட் சாட்டன் கிராமத்து வீட்டைக் கொடுத்த பிறகே நிலையான இருப்பிடம் அமைந்தது.

ஆஸ்டின் இந்த நெறியிலிருந்து வழுவிய இடமும் உண்டு. அவர் இறந்தபின் 1817 இறுதியில் வெளிவந்த ‘பெர்சுவேஷன்’ நாவலில், இறந்த மகனை நினைத்துப் பெருமூச்சுவிடும் தாயின் பருத்த உடலைக் கதைசொல்லி கேலி செய்கிறார். அந்தத் தாய் செல்வக் குடும்பத்தவள். வருமான அளவுகோலில் இந்தக் கேலி தவறாகாது. ஆனால் மகனை இழந்த துயரத்தை வருமானம் அளக்காது. அளவுகோலின் எல்லை இங்கே தெரிகிறது.

தாக்கரே ‘வேனிட்டி ஃபேர்’ நாவலை 1847–48இல் தொடராக எழுதியபோது இந்தக் கணக்கை நன்கு அறிந்திருந்தார். ஆண்டுக்கு ஐயாயிரம் பவுண்டு இருந்தால் தானும் நல்லவளாக இருந்திருக்கலாம் என்று நாயகி பெக்கி ஷார்ப் எண்ணுகிறாள். கதைசொல்லியும் அதைப் பாதி ஒப்புக்கொள்கிறார். ஓவியருக்கும் நடனக்காரிக்கும் பிறந்து, வீட்டு ஆசிரியையாகத் தொடங்கி, புத்தியால் மட்டும் உயர்ந்தவள் பெக்கி. இருந்தும் முடிவில் அவள்மீது கொலையின் நிழலைப் படியவிடுகிறார் தாக்கரே. சமூகத்தின் குற்றத்தைக் கண்டவர், தண்டனையைப் பெண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். போப்பின் காலத்துப் பழக்கம் அவரிடம் முற்றிலும் விடைபெறவில்லை.

மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1870இல் தொடங்கி 1882இல் முழுமை பெற்றது. அதன் பிறகு 1895இல் மேடையேறிய ஆஸ்கார் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகத்தில், செசிலி என்ற இளம்பெண்ணின் பெயரில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பவுண்டு இருப்பது தெரிந்ததும் பிராக்னெல் சீமாட்டிக்கு அவள் முகத்தில் அழகு தென்படுகிறது. சட்டம் மாறிய பின்னும் அங்கதத்துக்கு வேலை இருந்தது.

ஆஸ்டினின் சொந்த வாழ்விலும் இதே கணக்கு உண்டு. 1802 டிசம்பரில் மேனிடவுன் எஸ்டேட்டின் வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் ஆஸ்டினை மணக்கக் கேட்டார். மாலையில் சம்மதித்த ஆஸ்டின் மறுநாள் காலையில் மறுத்துவிட்டார். பத்தாண்டுகளுக்குப் பின், ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் பதிப்புரிமைக்கு நூற்றைம்பது பவுண்டு எதிர்பார்த்து, நூற்றுப் பத்துக்குப் பதிப்பாளர் எகர்டனிடம் விற்றார். 1813இல் வந்த இரண்டாம் பதிப்பிலும், 1817இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் அவருக்கு ஒரு பென்னியும் இல்லை. அந்த நூற்றுப் பத்துப் பவுண்டு சட்டப்படி அவருடையதாக இருந்ததற்குக் காரணம், அவர் மணமாகாதவர் என்பதே.