கீற்று, உத்திரம், படிக்கட்டு



எங்கள் ஊர் ஏற்காடு அடிவாரம். மாசி, பங்குனியில் ராத்திரி மாடியில் நின்று பார்த்தால் சேர்வராயன் மலைச்சரிவில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். காய்ந்த புல்லும் சருகும் எரிகிற கோடு. சின்ன வயதில் எனக்கு அது தீப்பந்த ஊர்வலம் மாதிரி அழகாகத் தெரியும். ஆயா மட்டும் அதைப் பார்த்த உடனே உள்ளே போய் விறகடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார். எங்கேயோ மலையில் எரிகிற தீக்கும் நம் வீட்டு அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் சிரிப்போம்.

ஆயா வளர்ந்தது கூரை வீடுகள் வரிசையாக இருந்த தெருவில். ஒரு வீடு பற்றிக்கொண்டால் எரிகிற வீட்டை யாரும் காப்பாற்றப் போக மாட்டார்களாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வீட்டின் கூரையை, அது இன்னும் பற்றாமல் இருக்கும்போதே, நாலு பேர் ஏறிப் பிரித்துத் தெருவில் இழுத்துப் போடுவார்களாம். அந்த வீட்டுக்காரர் தடுக்க மாட்டார். தடுத்தால் தெருவே போய்விடும் என்று அவருக்கும் தெரியும்.

வரலாறு படிக்க வந்த பிறகுதான் தெரிந்தது, லண்டன்காரர்களும் இதையேதான் செய்தார்கள் என்று. 1666 செப்டம்பர் 2 அன்று ஒரு ரொட்டிக் கடையில் தொடங்கிய தீ சுமார் 13,200 வீடுகளை விழுங்கியது. எரியாத வீடுகளை நீளமான கொக்கிகளால் இழுத்துத் தள்ளி இடைவெளி உண்டாக்குவதுதான் அன்றைய தீயணைப்பு முறை. மேயர் முதல் நாள் அதற்குத் தயங்கிவிட்டார். இடித்த வீட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்ற பயம்தான். (நம் தெருவில் இருந்த தைரியம் அங்கே இல்லை பாருங்கள்.) அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: இனி வெளிச்சுவர் எல்லாம் செங்கல் அல்லது கல்.

பெரிய தீ வருவதும், அதற்கு மறுநாள் எரிந்த பொருளைக் குற்றவாளி ஆக்குவதும் எல்லா ஊரிலும் உண்டு. நாமும் அதைத்தான் செய்தோம்.

தமிழ்நாட்டின் கணக்கைப் பாருங்கள். 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல். 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கொட்டகை. 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிப் பந்தல். மணமகனும் அதில் போனார். அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம். நான்கிலும் மேலே இருந்தது ஓலையும் கீற்றும்தான்.

கும்பகோணத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. காலை 11 மணி வாக்கில் சத்துணவுக் கூடத்தின் கூரையில் பிடித்த தீ, மாடியில் இருந்த கீற்று வகுப்பறைக்குத் தாவியது. மூங்கிலோடு கூரை எரிந்து பிள்ளைகள் மேலேயே விழுந்தது. இறங்கக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் இறந்தார்கள். நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். தீர்ப்பு வரப் பத்து ஆண்டுகள் ஆயின: 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது, 11 பேரை விடுவித்தது. 2017-ல் உயர் நீதிமன்றம் தண்டனை பெற்றவர்களிலும் பலரை விடுவித்தது.

அந்த விபத்துக்குப் பிறகு அரசு உடனே செய்தது பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றச் சொன்னது. சரியான உத்தரவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கீற்று போன வேகத்தில் படிக்கட்டுகள் அகலமாகவில்லை. இரண்டாவது வழிகளும் வரவில்லை. பாதுகாப்பான கட்டடமும் கல்வி உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2009 ஏப்ரல் 13-ல்தான். பள்ளிகள் தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் பின்பற்ற வேண்டும், தீயணைப்புக் கருவி வைக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றெல்லாம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கும்பகோணத்தை மேற்கோள் காட்டித்தான் அந்த வழக்கே நடந்தது.

சரி, எரிகிற பொருள் என்றால் கீற்றும் தேக்கு உத்திரமும் ஒன்றா? இரண்டையும் "எரியும்" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். வித்தியாசம் நிமிஷத்தில் இருக்கிறது.

தடித்த மரம் எரியும்போது வெளிப்புறம் முதலில் கரியாகிறது. அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்குப் போர்வை மாதிரி ஆகி வெப்பத்தைத் தடுக்கிறது. அதனால் தீ ஒரே வேகத்தில், மெதுவாகத்தான் உள்ளே போகும். ஐரோப்பியப் பொறியாளர்கள் கணக்குப் போட வைத்திருக்கும் அளவு, தேக்கு போன்ற கெட்டி மரத்துக்கு நிமிஷத்துக்குச் சுமார் அரை மில்லிமீட்டர். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு உத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் எரிந்தால் பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் போகும், 12 சென்டிமீட்டர் மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் 9. அதே வேகத்தில் இரண்டு சென்டிமீட்டர் ரீப்பர் இருபது நிமிஷத்தில் கரி. கீற்றுக்கு இந்தக் கணக்கே கிடையாது. வகுப்பில் வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் கூரை இருக்காது.

ஆக, பெரிய உத்திரம் நமக்கு நேரம் கொடுக்கிறது. அந்த நேரம் முடிந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. அதுதான் சேப்பாக்கம் கலச மஹால்.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ல் எழுந்த அரண்மனையின் ஒரு பகுதி அது. நவாப் பட்டம் 1855-ல் ஒழிந்த பிறகு கட்டடம் அரசின் கைக்குப் போய், கடைசியில் ஆபீஸ்களும் கோப்புக் கட்டுகளும் நிறைந்த இடமானது. அதன் கூரை 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்குச் சட்டங்களை நெருக்கமாக வைத்து, மேலே சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாகச் சாய்த்து அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதிப்பார்கள். வெயிலுக்கு அவ்வளவு குளுமையாக இருக்கும். ஆனால் கனம். நான் போட்ட கணக்கில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ வருகிறது. தண்ணீர் பீய்ச்சினால் சுண்ணாம்பும் செங்கல்லும் அதைக் குடித்து இன்னும் கனக்கும்.

2012 ஜனவரி 16 அதிகாலை, பொங்கல் விடுமுறையில் ஆள் இல்லாத கட்டடத்தில் தீ. தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழைந்து வேலை செய்துகொண்டிருந்தபோது கூரை இடிந்து விழுந்தது. அன்பழகன் என்ற அதிகாரி இறந்தார். பெண் அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயங்களோடு பிழைத்தார். வெளியே நின்று பார்ப்பவருக்குச் சுவர் அப்படியே கம்பீரமாக நிற்கும், உள்ளே சட்டம் எத்தனை சென்டிமீட்டர் மிஞ்சியிருக்கிறது என்று தெரியாது. மர உத்திரத்தின் நல்ல குணமும் ஆபத்தும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

அதன் பிறகு நடந்தது எனக்குப் பிடித்த பகுதி. இடித்துவிட்டு கான்கிரீட் போடாமல், பொதுப்பணித் துறை மறுபடியும் சுண்ணாம்பு, மரச்சட்டம், மெட்ராஸ் டெரஸ் என்று பழைய முறையிலேயே அதை மீட்டெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அங்கே குடிவந்தது.

கல்லாக இருந்திருந்தால் தப்பித்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்தன. முழுக்க முழுக்கக் கல் மண்டபம். வெப்பத்தில் தூண்கள் வெடித்து மேற்கூரை விழுந்தது. புதுத் தூண்களுக்கான கல் எங்கள் பக்கத்து ராசிபுரம் வட்டாரக் குவாரியிலிருந்துதான் போனது. :) எரிந்தது கல் இல்லை, கல்லுக்குள் அடைத்து வைத்திருந்த சரக்கு. கலச மஹாலில் கோப்புக் கட்டு, இங்கே கடைச் சாமான்.

இதையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் நான் டியூஷன் படித்தது ஒரு மொட்டை மாடியில், கீற்றுக் கொட்டகையில். நாற்பது பேர் இருப்போம். ஏறி இறங்க ஒரே ஒரு இரும்புப் படி, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாது. கீழ்ப்படியை ஒட்டி சாரின் வீட்டு சமையலறை ஜன்னல். அப்போது எனக்கு அதில் எதுவுமே தோன்றவில்லை, நல்ல காற்று வருகிறது என்பதைத் தவிர.

போன மாதம் தம்பியை அங்கே சேர்க்க அம்மாவுடன் போயிருந்தேன். கீற்றை எடுத்துவிட்டு நீலத் தகர ஷீட் போட்டிருந்தார்கள். "இப்ப பயமே இல்லம்மா, எல்லாம் தகரம்" என்றார் சார். அம்மா தலையாட்டினார். நான் படியை எண்ணினேன். பதினேழு. அதே படிதான், கைப்பிடி மட்டும் ஒரு பக்கம் கழன்று கயிற்றால் கட்டியிருந்தது.