ஒரே வீடு, மூன்று மாவட்டங்கள்

அரியலூர் மாவட்டம் இரண்டு முறை பிறந்தது. முதல் முறை 2001 ஜனவரி 1. பதினைந்து மாதம்தான் உயிரோடு இருந்தது. 2002 மார்ச் 31 அன்று செலவைக் காரணம் காட்டி அதைப் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்துவிட்டார்கள். இரண்டாவது முறை 2007 நவம்பர் 23. அதற்கெல்லாம் முன்னால், 1995இல் பெரம்பலூர் மாவட்டம் உருவாகும்வரை, இரண்டு ஊர்களுமே திருச்சி மாவட்டம். டிஎன்பிஎஸ்சி கையேடுகளில் இந்தத் தேதிகள் ஒரு மதிப்பெண் கேள்வி. எங்கள் வீட்டிலோ இவை ஒரு தகரப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய ரேஷன் கார்டுகள். ஒன்றில் திருச்சி மாவட்டம், அடுத்ததில் பெரம்பலூர் மாவட்டம், இப்போது பர்ஸில் இருக்கும் ஸ்மார்ட் கார்டில் அரியலூர் மாவட்டம். செந்துறை பக்கத்தில் இருக்கும் எங்கள் வீடு மட்டும் தாத்தா கட்டிய இடத்திலேயே நிற்கிறது.

மாவட்டம் மாறினால் கலெக்டர் ஆபீஸ் மாறும். வழங்கல் அலுவலகம் மாறும். மனு எழுதும்போது 'பெறுநர்' என்று போட்டு எழுதுகிற முகவரி மாறும். மூன்று தலைமுறையாக எங்கள் பகுதி ஆட்கள் அரிசிக்காகக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு எந்தத் திசையில் நடந்திருக்கிறார்கள் என்று யோசித்தபோதுதான், இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருப்பது புரிந்தது. அரசாங்கத்திடம் உணவு கேட்கிற ஒருவர் எதை நிரூபிக்க வேண்டியிருந்தது? யாரிடம்? எவ்வளவு தூரம் போய்?

*

முதலில் உடம்பைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரணம் என்பது பெரும்பாலும் கல் உடைப்பதும் மண் சுமப்பதும்தான். பஞ்ச வேலைகளை மேற்பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள் 1877இல் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க வேலை செய்யும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். சுமார் 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இதை வைத்துக்கொண்டு உழைக்கும் உடம்பு தாங்காது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். பிற்பாடு கூலி கொஞ்சம் ஏறியது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

கூலியைவிட என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு விதி. அதற்குப் பெயரே தூரச் சோதனை. உடம்பில் தெம்பிருப்பவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கொடுக்கக் கூடாது. பத்து மைலாவது தள்ளிப் போய்த்தான் வேலை கேட்க வேண்டும். நிஜமாகவே பசித்தவன்தான் அவ்வளவு தூரம் நடப்பான், பொய்யாகப் பசிப்பவன் வீட்டில் உட்கார்ந்துகொள்வான் என்பது அதன் தர்க்கம். நடக்க முடியாத அளவுக்குப் பசித்தவன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு அந்தத் தர்க்கத்தில் இடமில்லை. 1880இல் வந்த பஞ்ச ஆணையத்தின் அறிக்கையும் அதையொட்டி எழுதப்பட்ட பஞ்சச் சட்டத் தொகுப்புகளும் நிவாரணத்தை அரசின் கடமை என்று ஒப்புக்கொண்டன. ஆனால் கேட்பவரைச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நிர்வாகத்தின் மூளையில் தங்கிவிட்டது.

*

அட்டை வந்தது அடுத்த நெருக்கடியில். 1942இல் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. அடுத்த வருடம் வங்கத்தில் பெரும் பஞ்சம். 1943இல் சென்னை நகரத்தில் ரேஷன் முறை வந்தது. தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்க வேண்டுமென்றால் வீட்டில் எத்தனை தலை என்று தெரிந்தாக வேண்டும். குடும்பம் என்பதை எண்ணி ஒரு காகிதத்தில் எழுதும் பழக்கம் அங்கே தொடங்குகிறது. கள்ளச்சந்தையும் கெடுபிடியும் மக்களை வெறுப்பேற்றின. 1952இல் முதலமைச்சரான ராஜாஜி, வந்த சில மாதங்களிலேயே உணவுக் கட்டுப்பாட்டை எடுத்ததும் ஊரே கொண்டாடியது. இன்றைக்கு ரேஷனை எடுத்தால் எந்தக் கட்சி தப்பிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு ரேஷன் என்றால் கட்டுப்பாடு. உரிமை என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்கு வந்தது பிறகுதான்.

அந்த அர்த்தம் மாறியது அறுபதுகளில். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்களுக்குக் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூரில். அடுத்தடுத்து மழை பொய்த்தது. அரிசித் தட்டுப்பாடும் மொழிப் போராட்டத்தின் கோபமும் சேர்ந்து 1967 தேர்தலில் காங்கிரஸைக் கவிழ்த்தன. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லித்தான் திமுக ஓட்டுக் கேட்டது. ஜெயித்த கையோடு ரூபாய்க்கு ஒரு படி திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. செலவு தாங்காமல் பிறகு நின்றுபோனது. கம்பும் வரகும் சோளமும் தின்றுகொண்டிருந்த எங்கள் மானாவாரிக் காடுகளுக்கு அந்தப் படி வந்து சேரவே இல்லை.

கிராமங்களுக்கு ரேஷன் கடை பரவியது 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்த பிறகு. கிடங்கிலிருந்து மூட்டையை அனுப்புவது கழகம். கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம். 'சொசைட்டி' என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வது அதனால்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச்சோறு பார்த்த வீடுகளில் அது தினப்படிச் சோறானது. பாட்டி அதைக் கடைசிவரை 'கவர்மெண்டுச் சோறு' என்றுதான் சொன்னார். அதில் கிண்டலும் இருக்கும், நிம்மதியும் இருக்கும்.

*

இங்கே தமிழ்நாடு எடுத்த ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும். 1997இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களைத் தனியாகப் பிரித்து அவர்களுக்கு மட்டும் மலிவு விலையில் கொடுங்கள் என்றது. பல மாநிலங்கள் பிரித்தன. பட்டியல் எடுத்தவர்கள் செய்த தவறில் உண்மையான ஏழைகள் கூட்டம் கூட்டமாக வெளியே விழுந்தார்கள். தமிழ்நாடு பிரிக்கவில்லை. கேட்பவர் எல்லோருக்கும் கார்டு, கார்டு இருந்தால் அரிசி. 2011 ஜூனிலிருந்து அந்த அரிசி இலவசம். 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்தபோதும், முன்னுரிமை இல்லாத குடும்பங்களுக்குச் சொந்தச் செலவில் தொடர்ந்து கொடுத்தது.

"நீ ஏழையா?" என்று கேட்காத ஒரு ரேஷன் முறை என்பது சின்ன விஷயமில்லை. தாது வருஷத்துச் சோதனையை அது ஒரேயடியாகத் தூக்கிப் போட்டது. ஆனால் அதன் இடத்தில் வேறு இரண்டு கேள்விகள் வந்து உட்கார்ந்துகொண்டன. நீ எங்கே இருக்கிறாய்? யாரோடு இருக்கிறாய்? கார்டு மனிதருக்குக் கிடையாது, குடும்பத்துக்குத்தான். குடும்பம் என்றால் தனிச் சமையல். ஒரு பெயர் ஒரு கார்டில்தான் இருக்க முடியும். இங்கே நீக்கினால்தான் அங்கே சேர்க்க முடியும். வீடும் குடும்பமும் நிலையாக இருப்பவருக்கு இந்தக் கேள்விகள் கண்ணிலேயே படாது. இரண்டில் ஒன்று கலைந்தவருக்கு அவைதான் சுவர்.

*

என் அத்தை அந்தச் சுவரில் முட்டினார். அவருக்குக் கல்யாணமான 1998இல் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே மாவட்டம், பெரம்பலூர். அவர் திரும்பி வந்தபோது அவை இரண்டு மாவட்டங்கள். விவாகரத்து ஆகவில்லை; அடி தாங்காமல் வந்துவிட்டார், அவ்வளவுதான். பெயர் கணவர் வீட்டுக் கார்டில் இருந்தது. 2005இல் கொடுத்த அந்தக் கார்டு 2009 வரைதான் செல்லும் என்று அச்சடித்தது. அப்புறம் ஒவ்வொரு வருடமும் உள்தாள் ஒட்டி ஒட்டி 2017 வரை இழுத்தார்கள். வருடத்துக்கு ஒரு தாள் கூடியது, அத்தையின் பெயரும் அதில் அப்படியே இருந்தது.

இங்கிருந்த அலுவலகத்தில் அங்கே போய்ப் பெயர் நீக்கல் சான்று வாங்கி வா என்றார்கள். அங்கே போனால் குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். இரண்டு பதிலும் விதிப்படி சரி. நடுவில் பஸ் டிக்கெட்டுகள் மட்டும் சேர்ந்தன. 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தது. இனி எல்லாம் ஆன்லைன் என்றதும் நானே இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். உள்ளே நுழையப் பதிவு செய்த கைபேசி எண் கேட்டது. ஓடிபி போனது கணவரின் போனுக்கு. பத்து வருடமாகக் கையெழுத்துப் போடாதவர் ஓடிபி சொல்வாரா?

கடைசியில் ஒரு வழங்கல் அலுவலர் விசாரணைக்கு ஆள் அனுப்பினார். கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் அக்கம்பக்கத்தார் வாக்குமூலமும் சேர்ந்து பெயர் நகர்ந்தது. அந்த அலுவலரிடம் அத்தை சொன்ன ஒரு வாக்கியத்தை நான் மறக்கவில்லை: "நான் அரிசி கேக்கல சார், என் பேரத்தான் கேக்குறேன்."

அவர் சொன்னது கணக்காகவும் சரி. பொங்கல் பரிசு, வெள்ள நிவாரணம் என்று எது வந்தாலும் கார்டை வைத்துத்தான் கொடுக்கிறார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் வாங்கியதும் கார்டு வாரியாகத்தான். அரிசிக்காகத் தொடங்கிய ஒரு தாள், இன்று ஒரு பெண் தனி ஆளாக அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிகிறாரா இல்லையா என்பதையே முடிவு செய்கிறது.

*

இன்றைக்கு நீங்கள் புதுக் கார்டுக்கு விண்ணப்பித்தால் எல்லோருடைய ஆதார், குடும்பத் தலைவர் படம், மின்கட்டண ரசீதோ வீட்டு வரி ரசீதோ வாடகை ஒப்பந்தமோ ஒன்று, கேஸ் இணைப்பு விவரம் ஆகியவை வேண்டும். ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணைப் போட்டு நிலவரம் பார்க்கலாம். 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தால் காரணத்தைக் கட்டாயம் படியுங்கள். பல சமயம் விஷயம், ஏற்றிய படம் தெளிவாக இல்லை என்பதாகத்தான் இருக்கும். திரும்ப ஏற்றினால் முடிந்துவிடும். அது தெரியாமல் புரோக்கரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். புகார் சொல்ல 1967 என்ற இலவச எண் இருக்கிறது. அது நாடு முழுவதற்குமான எண். படியரிசித் தேர்தல் நடந்த வருடத்தோடு பொருந்திப்போனது தற்செயல்தான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஒவ்வொரு தாலுகாவிலும் ரேஷனுக்கென்றே முகாம். ஆளைப் பார்த்துப் பேச வேண்டியவர்கள் அந்தச் சனிக்கிழமையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போன் செய்து கிடைக்காத பதில் அங்கே பல சமயம் பத்து நிமிடத்தில் கிடைக்கிறது. அத்தைக்கு வழி திறந்ததும் அப்படியொரு முகாமில்தான்.

கார்டு கையில் வந்த பிறகும் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து விரலை வைத்தால்தான் மூட்டை அவிழும். முந்திரிக் கொட்டை உடைத்தும் பருத்தி எடுத்தும் ரேகை தேய்ந்த விரல்கள் எங்கள் பக்கம் நிறைய. இப்போது கருவிழியும் பார்க்கிறார்கள். வர முடியாத முதியவர்கள் இன்னொருவரை நியமிக்கப் படிவமும் உண்டு. இந்த மாற்று வழிகளை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்த வீட்டுக் கார்டு ரத்தாகியிருந்தது. மலேரியா என்றது அரசு. பசி என்றார் தாய்.

*

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. தொடங்கியபோது 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வண்டியில் வீடு தேடி வரும் என்று அறிவித்தார்கள். எங்கள் தெருவிலும் அந்த வண்டி நிற்கிறது. மிஷினைக் கையிலெடுத்துக்கொண்டு வாசப்படி ஏறி வருகிறார்கள். பத்து மைல் நடந்து வந்து உன் பசியைக் காட்டு என்று சொன்ன 1877ஐப் படித்துவிட்டு இதைப் பார்ப்பவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய தூரம் என்று தெரியும். அந்தத் தூரத்தை இந்த முறை அரசாங்கம் நடந்திருக்கிறது.

ஆனால் வண்டி வருவது கார்டு இருக்கிற வீட்டுக்குத்தான். பெயர் வேறெங்கோ மாட்டிக்கொண்டிருப்பவர், வாடகை ஒப்பந்தம் இல்லாத வீட்டில் குடியிருப்பவர், மகன் கார்டில் பெயரும் மகள் வீட்டில் உடம்புமாக இருக்கும் கிழவி எல்லோரும் இன்னும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அரிசிக்கு எடுத்துவிட்ட தூரச் சோதனை ஆவணத்துக்கு அப்படியே இருக்கிறது. அந்த வண்டியிலேயே ஒரு கட்டு விண்ணப்பமும், அதை வாசலில் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ள ஒரு ஆளும் வந்தால் போதும். எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.