தோட்டத்து நேரம்

மலாக்கா மாநிலத்து நியாலாஸ் வட்டாரத்தின் ரப்பர் தோட்டங்களில், நேரம் என்பது நெடுங்காலம் கிராணியின் ஆபீசுச் சுவரில் தொங்கிய சொத்தாகவே இருந்தது. மரத்தின் உள்ளழுத்தம் தணியாத விடியற்குளிரில் வெட்டினால்தான் பால் தாராளமாக ஓடும் என்ற நியதியால், இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்கு, அதாவது வருகைக் கணக்கெடுப்புக்கு, ஆள் திரட்டினார்கள். துரையின் கடிகாரம் காட்டியது எதுவோ, அதுவே தொழிலாளிக்கு நேரம்.

அந்த நேரமும் நிலையாக நின்றதில்லை. சூரிய கதிப்படி நியாலாஸுக்குரிய நேரம் கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 6 மணி 50 நிமிஷம் முந்தியது. சர்க்காரோ 1905இல் அதை 7 மணியாக்கி, 1933இல் 20 நிமிஷமும், 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிஷமும் கூட்டிற்று. 1942இல் வந்த ஜப்பானியர், தோக்கியோ நேரத்தைப் புகுத்தி, முள்ளை ஒரேயடியாக ஒன்றரை மணி முன்னே தள்ளினார்கள்; பழைய நாலரை மணி இருட்டு, புது உத்தரவின்படி காலை ஆறு மணியாயிற்று. யுத்தம் முடிந்ததும் 7 மணி 30 நிமிஷக் கணக்கே திரும்பியது. மரத்துக்கு இந்த உத்தரவுகள் எட்டவில்லை.

ஏழைக்கும் கடிகாரம் வேண்டுமென்று, உறுப்புகளைக் குறைத்து மலிவுக் கடிகாரம் செய்த ரோஸ்கோப்பின் முயற்சி சுவிட்சர்லாந்தில் 1867லேயே பலித்திருந்தது. ஆயினும் வெட்டுக்காரனுக்கென்றே செய்ததுபோல் வாய்த்தது, 1963இல் ஜப்பானின் சீக்கோ வெளியிட்ட ‘5’ வரிசை என்பதே என் அபிப்பிராயம். தினமும் சாவி கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே ஊசலாடும் அரைவட்டத் தகடு கையசைவிலேயே வில்சுருளை முறுக்கிக்கொள்ளும். கத்தி பிடித்து மரத்துக்கு மரம் நடப்பவன் கைக்கு அசைவுக்கா பஞ்சம்? கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரிந்தன; சம்பள நாளை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு அதுவும் ஒரு சௌகரியமே.

நாளுக்கு அரை நிமிஷம் முன்பின்னாகப் போனால் அது குறையன்று. பின்மூடியைத் திறந்து, பாலன்ஸ் சக்கரத்தின் மேலுள்ள சிறு நெம்பை மயிரிழை நகர்த்தி, பூதக்கண்ணாடி அணிந்த பழுதுபார்ப்பவர் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். எண்ணெய் உலர்ந்துபோன பழைய கடிகாரத்தை மட்டும், நெம்பைத் தொடுமுன் பிரித்துச் சுத்தம் செய்தாக வேண்டும்.

1982 ஜனவரி முதல் நாள், கிழக்கு மலேசியாவோடு ஒத்துப்போக, தீபகற்பத்தின் நேரம் மீண்டும் அரைமணி முன்தள்ளப்பட்டு 8 மணியாயிற்று. அதே வருஷத்தில்தான், மலாக்கா பட்டணத்தில் 1886 முதல் நிற்கும் டான் பெங் சுவீ மணிக்கூண்டிலிருந்த இங்கிலாந்துக் கடிகாரத்தை இறக்கி, சீக்கோவை ஏற்றினார்கள். ஜப்பானியர் ஆட்சியில் அவதிப்பட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை.