ஆண்டெனா திருப்பிய காலம்

போன தை மாசம் உளுந்தைப் பிடுங்கிக் களத்துல போட்டிருந்தேன். திடீர்னு மழை. எத்தனை நாளைக்குன்னு கேக்கலாம்னு டிவியைப் போட்டா, 'சிக்னல் இல்லை'.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. தூத்துக்குடிப் பக்கம் இருக்கிற எங்க ஊருக்கு அது எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்தது; கடல் தாண்டி வந்த அந்த அலையைத்தான் நாங்க முதலில் பார்த்தோம். அப்பா மொட்டைமாடியில் ஆண்டெனாவைத் திருப்ப, நான் கீழேயிருந்து "இன்னும் கொஞ்சம்... அங்கனயே நிறுத்துங்கப்பா!" என்று கத்துவேன். சிங்களம் புரியாது. கிரிக்கெட்டுக்கு மொழி எதுக்கு?

1993-ல் சன் டிவி வந்தது. பிறகு தெருவெல்லாம் கேபிள் ஒயர். 2011-ல் சட்டம் திருத்தி, படிப்படியாகக் கேபிளுக்கும் பெட்டி கட்டாயம் என்றார்கள். நான் டிஷ்ஷுக்கு மாறிட்டேன்.

அந்தக்கால அலை பலவீனமானால் படம் புள்ளி புள்ளியாகும், ஆனாலும் ஆள் தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டலில் படத்தை எண்களாக்கிச் சுருக்கி அனுப்புகிறார்கள். ஓரளவு எண்கள் தொலைந்தால் பெட்டியே சரிசெய்துகொள்ளும். அதற்கு மேல் போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனமழை அதை விழுங்கிவிடும். ரூபவாஹினி அலை மீட்டர் கணக்கில் நீளம், மழையைச் சட்டை செய்யாது.

தார்ப்பாயை இழுத்து மூடிட்டு, பரண்ல கிடந்த டிரான்சிஸ்டரைத் தேடினேன். பேட்டரி மாத்தினதும் திருநெல்வேலி வானொலி கரகரன்னு பேசுச்சு.