ஒரே அட்டைக்குள் மூன்று தூண்டிற்காரர்கள்



மீன்பிடித்தல் நமக்கு ஒரு தொழில். நெய்தல் நிலத்துப் பரதவர் வாழ்வைச் சங்கப் புலவர்கள் பாடிய நாள்தொட்டு, கடலோடு போராடும் உழைப்பாகவே நமது இலக்கியம் அதனைப் பெரிதும் கண்டு வந்திருக்கிறது. ஆங்கிலேயரிடத்தில் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. குளிர்காலம் கழிந்து இளவேனில் பிறந்ததும் ஒரு தூண்டிற்கோல், ஒரு கூடை, பேசுவதற்கு ஒரு தோழன் என ஆற்றங்கரையை நாடிப் போவது அவர்களிடையே நெடுங்கால வழக்கம். 1496ஆம் ஆண்டிலேயே தூண்டில் மீன்பிடித்தல் பற்றிய நூலொன்று ஆங்கிலத்தில் அச்சேறியிருக்கிறது என்றால் அந்த வழக்கத்தின் பழமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஏன் இளவேனில்? குளிரில் மெலிந்து ஆற்றின் அடியில் அடங்கிக் கிடந்த ட்ரவுட் மீன்கள், நீர் சற்றே சூடேறி ஈக்களும் பூச்சிகளும் பிறக்கத் தொடங்கும்போது மேலெழுந்து இரை தேடுகின்றன. கரையோரப் புல்வெளிகள் பூக்கின்ற காலமும் அதுவே. இந்த ட்ரவுட் நமக்கும் முற்றிலும் அந்நியமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர் தமது பொழுதுபோக்கிற்காக நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த நீரோடைகளில் கொண்டுவந்து விட்ட மீன் அது.

அத்தகைய ஒரு மே மாதக் காலையில் ஆரம்பமாகும் ஒரு நூலைப் பற்றியும், அது பிறந்த காலத்தைப் பற்றியுமே இன்று பேசப் போகிறோம். நூலின் பெயர் 'த கொம்ப்ளீட் ஆங்லர்'. முழுமை பெற்ற தூண்டிற்காரர் என்று தமிழிற் சொல்லலாம். எழுதியவர் ஐசாக் வோல்ட்டன். 1653ஆம் ஆண்டு, பதினெட்டுப் பென்ஸ் விலையில், ஒரு சிறு கையடக்க நூலாக அது இலண்டனில் வெளிவந்தது.

வோல்ட்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். 1593இல் ஸ்டபோர்ட் நகரில், மதுவிடுதி நடத்திய ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இலண்டனுக்கு வந்து துணி வியாபாரம் செய்து முன்னேறினார். அவர் வாழ்ந்த பங்கின் குருவாக இருந்தவர் பெருங்கவிஞர் ஜோன் டன். அந்தக் கவிஞருடன் ஏற்பட்ட நட்பே வியாபாரியை எழுத்தாளராக்கியது. 1640இல் டன்னின் வாழ்க்கை வரலாற்றை வோல்ட்டன் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் அவரது முதல் மனைவி இறந்தார். அந்த மணவாழ்வில் பிறந்த ஏழு பிள்ளைகளில் ஒருவரேனும் வளர்ந்து ஆளாகவில்லை.

வீட்டில் விழுந்த இருள் போதாதென்று நாட்டிலும் இருள் சூழ்ந்தது. 1642இல் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. ஊர்கள் பிரிந்தன; குடும்பங்கள் பிரிந்தன. 1649 ஜனவரி 30ஆம் திகதி முதலாம் சார்ள்ஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது. அங்கிலிக்கன் திருச்சபையின் வழிபாட்டு நூல் தடைசெய்யப்பட்டது. இளவேனிற் கொண்டாட்டத்தின் அடையாளமாக ஊர்தோறும் நடப்பட்ட மே மாதக் கம்பங்களைக்கூட வீழ்த்திவிடுமாறு பாராளுமன்றம் ஆணையிட்டது. வோல்ட்டன் மன்னர் பக்கத்தவர். அவரது நண்பர்களான குருமார் பலர் பதவிகளிலிருந்து அகற்றப்பட்டனர்.

அவர்களுள் ஒருவர் ரொபர்ட் சாண்டர்சன். ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் பதவியை இழந்தவர். 1655ஆம் ஆண்டளவில் வோல்ட்டன் அவரை இலண்டன் தெருவொன்றில் தற்செயலாகச் சந்திக்கிறார். பேராசிரியர் புத்தகம் வாங்க வந்திருக்கிறார். உடையோ ஏழ்மையைக் காட்டுகிறது. மழையும் காற்றும் வலுக்க, இருவரும் ஒரு விடுதிக்குள் ஒதுங்குகின்றனர். ரொட்டி, பாற்கட்டி, மது, குளிர்காய நெருப்பு. இவற்றுடன் நெடுநேரப் பேச்சு. பின்னாளில் சாண்டர்சனின் வரலாற்றை எழுதியபோது வோல்ட்டன் இக்காட்சியை மறவாமல் பதிவு செய்தார். காலம் கொடியதாக இருக்கையில், மழைக்கு ஒதுங்க ஓரிடமும் மனந்திறந்து பேச ஒருவரும் கிடைப்பது எத்துணை பெரிய பேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தூண்டில் நூலைத் திறந்தால் அதன் ஒவ்வொரு பக்கமும் வேறொரு பொருள் தருகிறது. மீன்பிடிப்பவர், வேட்டைக்காரர், பறவை வளர்ப்பவர் என மூவர் இலண்டனுக்கு வடக்கே சந்தித்து நடக்கின்றனர். பறவை வளர்ப்பவர் விடைபெற்றுவிட, மற்ற இருவரும் லீ நதிக்கரையில் ஐந்து நாள்களைக் கழிக்கின்றனர். வேட்டைக்காரர் மெல்ல மெல்ல மீன்பிடிப்பவரின் மாணாக்கராகிறார். குதிரைவால் மயிரில் நூல் முறுக்குவது எப்படி, எந்த மீனுக்கு எந்த இரை, முள் மிகுந்த சப் என்னும் மீனைச் சுவைபடச் சமைப்பது எப்படி என்றெல்லாம் பாடம் நடக்கிறது. மழை வந்தால் பூங்கொடி படர்ந்த வேலியடியில் ஒதுங்குகிறார்கள். எதிரே வரும் பாற்காரப் பெண்ணுக்குப் பிடித்த மீனைக் கொடுத்து, பதிலாகப் பாட்டுக் கேட்கிறார்கள். அவள் மார்லோவின் காதற் பாடலைப் பாட, அவளது தாய் அதற்கு ராலி எழுதிய மறுமொழியைப் பாடுகிறாள். இரவானால், சுவர் நிறையக் கதைப்பாடல்கள் ஒட்டிய சுத்தமான விடுதியில் சக தூண்டிற்காரருடன் சேர்ந்து உணவு, பாட்டு, உறக்கம்.

போரைப் பற்றி நேரடியாக ஒரு சண்டைச் சொல்லும் இல்லை. இது கோழைத்தனமா, காலத்திலிருந்து தப்பி ஓடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. 1651 செப்டெம்பரில் வூஸ்டர் போரில் தோற்று இளைய சார்ள்ஸ் தப்பி ஓடியபோது அவருக்குரிய வீரவிருதுப் பதக்கம் ஒன்று ஸ்டபோர்ட் பகுதியில் ஒளித்து வைக்கப்பட்டது. அது கைமாறி வோல்ட்டனிடம் வந்தது. ஏறத்தாழ அறுபது வயதான அந்த வியாபாரி அதை இலண்டனுக்குக் கொண்டு சென்று, சிறையிலிருந்த மன்னர்ப் படைத் தளபதி ஒருவரிடம் சேர்ப்பித்தார். அகப்பட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு ஆண்டுகளின் பின் வெளிவந்த நூலின் மௌனம் அச்சத்தில் பிறந்ததாக இருக்க முடியாது. நூலின் இறுதிச் சொற்கள் பவுலடியார் தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அமைதியாக வாழப் பழகுங்கள் என்பது அவற்றின் கருத்து. ஔவையார் காட்டும் கொக்கு உறுமீனுக்காகக் காத்து நிற்கிறது. வோல்ட்டனின் தூண்டிற்காரரோ மீனுடன் சேர்த்து நல்ல காலத்துக்காகவும் காத்து நிற்கிறார்.

ஆனால் ஆற்றங்கரை ஒரு கட்சிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. எதிர்த்தரப்பிலும் தூண்டில் பிடித்த கைகள் இருந்தன. குரொம்வெல் படையைச் சேர்ந்தவராகக் கூறப்படும் றிச்சர்ட் பிராங்க், ஸ்கொட்லாந்து ஆறுகளில் சமன் மீன் பிடித்த அனுபவசாலி. அவரது நூல் 1694இல் அச்சேறியது. வோல்ட்டன் தம் கண்ணால் கண்டதைவிடப் பிறர் புத்தகங்களையே நம்பியவர் என்று அவர் அதில் ஏளனம் செய்கிறார். பைக் என்னும் மீன் ஒருவகை நீர்ப்பூண்டிலிருந்து பிறக்கிறது என்ற கருத்தைப் பற்றித் தாம் வோல்ட்டனுடன் நேரில் வாதாடியதாகவும், அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டதாகவும் எழுதுகிறார். பிராங்கின் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. தோமஸ் பார்க்கர் என்பவரின் 1651ஆம் ஆண்டு நூலிலிருந்து தூண்டில் ஈக்கள் பற்றிய செய்திகளைப் பெற்றுக்கொண்டதை வோல்ட்டனே சொல்லியிருக்கிறார். 1577இல் வெளிவந்த இன்னொரு நூலிலிருந்தும் அவர் கடன் வாங்கியிருப்பது, அதன் ஒரே பிரதி 1950களில் வெளிச்சத்துக்கு வந்தபோது தெரியவந்தது.

இதற்கு நேர்மாறான கதை ரொபர்ட் வெனபிள்ஸ் என்பவருடையது. பாராளுமன்றப் படைத் தளபதியாக அயர்லாந்தில் போரிட்டவர். 1655இல் குரொம்வெல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிய தரைப்படைக்குத் தலைமை தாங்கி, ஹிஸ்பானியோலாவில் தோற்று, ஜமேக்காவைக் கைப்பற்றித் திரும்பினார். வந்தவரை வரவேற்றது இலண்டன் கோபுரச் சிறை. பதவி பறிபோனது. அந்தத் தளபதி 1662இல் எழுதி வெளியிட்டது போர் நினைவுகளை அல்ல, தூண்டில் மீன்பிடித்தல் பற்றிய ஒரு நூலை. அதற்கு ஒரு பாராட்டுக் கடிதம் முன்னுரையாக அமைந்தது. முகம் பார்த்துப் பழகாத ஆசிரியருக்கு எழுதப்பட்ட அக்கடிதத்தில் உள்ள ஒப்பம் வோல்ட்டனின் பெயரின் முதலெழுத்துகள். அது அவருடையதே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 1660இல் முடியாட்சி மீண்டிருந்தது. வென்ற தரப்பில் நின்றவர், தோற்ற தரப்பின் தளபதியை ஒரு கலையின் ஆசானாக ஏற்றுக் கை நீட்டுகிறார்.

1676இல் வோல்ட்டனின் வாழ்நாளில் வெளிவந்த ஐந்தாவதும் கடைசியுமான பதிப்பில் சார்ள்ஸ் கொட்டன் எழுதிய இரண்டாம் பாகம் சேர்ந்தது. கொட்டன் கவிஞர், டவ் நதிக்கரையில் பெரிய வீடும், அதைவிடப் பெரிய கடனும் உடையவர், வயதில் வோல்ட்டனுக்கு மகன் போன்றவர், அவரைத் தந்தை என்றே அழைத்தவர். மார்ச் மாதத் தொடக்கத்தில் நிகழ்வதாக அமைந்த அவரது பாகம், தெளிந்த நீரில் செயற்கை ஈயைக் கொண்டு ட்ரவுட் பிடிக்கும் முறையைச் சொல்கிறது. எந்த மாதத்தில் எந்த ஈ பறக்கும் என்ற வரிசை அதில் உண்டு. கரையில் தள்ளி நின்று, மெல்லிய நூலைத் தொலைவில் எறிய வேண்டும் என்ற அவரது போதனை ஈத்தூண்டிற்காரருக்கு அடிப்படைப் பாடமாயிற்று. நூல் கற்றது வோல்ட்டன் என்றால் ஆறு கற்றது கொட்டன் எனலாம்.

அதே ஆண்டில் இவ்விரு பாகங்களுடன் வெனபிள்ஸின் நூலும் மூன்றாம் பாகமாகச் சேர்க்கப்பட்டு ஒரே அட்டைக்குள் வெளிவந்தது. மன்னர் பக்கத்துத் துணி வியாபாரி, கடன்பட்ட கனவான், பாராளுமன்றத் தளபதி. போர் மூண்ட நாளில் ஒரு தெருவில் நிற்கவும் முடியாதவர்கள் முப்பத்து நான்கு ஆண்டுகளின் பின் ஒரு நூலில் அருகருகே நின்றார்கள்.

குறை சொல்வோர் பின்னும் வந்தனர். தூண்டிலில் தவளையை மாட்டும்போதும் அதனிடம் அன்போடு நடந்துகொள்ளச் சொன்ன வோல்ட்டனைக் கவிஞர் பைரன் கொடியவர் என்று கடிந்தார். தவளையின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமே. ஆயினும் நூற்றுக்கணக்கான பதிப்புகளைக் கண்ட அந்த நூலை மீன் பிடிக்காதவர்களே அதிகம் வாசித்திருப்பார்கள். அதற்குக் காரணம் அதன் பக்கங்களில் வரும் மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பிப் பேசுகிறார்கள் என்பதே.

வோல்ட்டன் 1683 டிசம்பரில் தமது 90ஆம் வயதில் வின்செஸ்டரில் காலமானார். அதற்கு முன்பே, 1681இல், கொட்டனின் வீடு கடனில் விற்கப்பட்டுவிட்டது. ஆனால் மீன்பிடித்து இளைப்பாறவென்று 1674இல் கொட்டன் டவ் நதிக்கரையில் கட்டிய சிறு கல்வீடு நிலைத்துவிட்டது. அதன் வாயிற்கல்லில் இரு நண்பர்களின் பெயரெழுத்துகளும் ஒன்றோடொன்று பின்னியபடி பொறிக்கப்பட்டிருக்கின்றன.