தலையெழுத்தா? கையெழுத்தா?

கரும்பு அரைவைக் காலம். மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையின் வாயிலிலே டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. எடைமேடை ஏறாமல் ஒரு கட்டுக் கரும்பும் உள்ளே போவதில்லை. எத்தனை டன், டன்னுக்கு என்ன விலை, பணம் எந்நாளில் — இம்மூன்றையும் கேட்காமல் எந்த உழவரும் வீடு திரும்புவதில்லை. காத்து நிற்கும் அதே டிராக்டர்களிலிருந்து பாட்டு முழங்குகிறது. அந்தப் பாட்டை எடைபோட்டவர் யார்? விலை பேசியவர் யார்? அதனால் விளையும் பணம் போய்ச் சேருமிடம் எது? கேட்பாரில்லை! கரும்புக்குக் கணக்கு உண்டு, கவிதைக்கு இல்லை என்று நம்பிவிட்டோம்.

அந்த நம்பிக்கைக்குக் காவலாக ஒரு கதையும் வைத்திருக்கிறோம். கலைமகளும் திருமகளும் மாமியார் மருமகளாம். ஒருத்தி இருக்குமிடத்தில் மற்றவள் தங்கமாட்டாளாம். ஆகவே புலவன் பட்டினி கிடப்பது அவன் தலையெழுத்தாம்! ஏமாந்தவனுக்கு ஆறுதல், ஏமாற்றியவனுக்கு அரண் — இரண்டும் ஒரே கதையில்.

அண்மையில், முன்பு என்னிடம் படித்த இளைஞனொருவன் வந்தான். கல்வராயன் மலையடிவாரத்தான், தானே பாட்டுக் கட்டித் தானே பாடுபவன். அவன் பாட்டை வாங்கி வெளியிட ஒரு நிறுவனம் முன்வந்ததாம். நான்கு பக்கம் ஆங்கிலத் தாளை நீட்டி, "ஐயா, கையெழுத்துப் போட்டுவிடட்டுமா?" என்றான். படித்தேன். உலகெங்கும், எக்காலத்துக்கும், இன்றுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா வழிகளிலும் பாட்டு நிறுவனத்துக்கே உரியது என்றிருந்தது. அவனுக்குக் கிடைப்பதோ, ஒரேயொரு முறை ஒரு சிறு தொகை! "போடாதே" என்று சொல்லிவிடலாம். ஆனால் ஏன் என்று சொல்லாமல் கட்டளையிடுவது ஆசிரியன் வேலையன்று. ஆகவே அவனுக்கு வரலாறு சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

கரும்பு ஒன்றுதான், ஆலைக்குள் சென்றதும் சர்க்கரை தனி, கழிவுப்பாகு தனி, சக்கை தனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. பாட்டும் அப்படியே. அச்சிடும் உரிமை ஒன்று. மேடையில் பாடும் உரிமை ஒன்று. இசைத்தட்டில் பதியும் உரிமை ஒன்று. வானொலியில் பரப்பும் உரிமை ஒன்று. படத்தில் சேர்க்கும் உரிமை மற்றொன்று. இவற்றைத் தனித்தனியே விற்று, வரும் பணத்தைத் திரட்டி, ஒப்பந்தப்படி பங்கிடுவதே இசை வெளியீடு எனும் வணிகம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கரும்பு ஒருமுறை பிழிந்தால் முடிந்தது. பாட்டோ ஆயிரம் முறை பிழிந்தாலும் சாறு வற்றாதது. வற்றாத பொருளை ஒருமுறை விலைக்குக் கொடுப்பவன் எதைக் கொடுக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள்!

இந்தக் கணக்கை உலகுக்குக் கற்பித்த இடம் அரண்மனையன்று, ஓர் உணவு விடுதி. 1847-ஆம் ஆண்டு, பாரிஸ் நகரம். எர்னஸ்ட் பூர்ழே என்னும் பாடலாசிரியர் நண்பரோடு விடுதியில் அமர்ந்து பருகிக்கொண்டிருந்தார். அங்கே முழங்கியது அவருடைய பாட்டு! பருகியதற்குப் பணம் கேட்டனர், அவர் மறுத்தார். என் பாட்டை விலையின்றி நீங்கள் பயன்படுத்தினால், உங்கள் பானத்தை விலையின்றி நான் பருகுவேன் என்பது அவர் வாதம். வழக்கு மன்றம் ஏறியது. நீதி பாடலாசிரியர் பக்கம் நின்றது. 1851-இல் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் வெளியீட்டாளரும் ஒன்றுகூடிப் பங்கு திரட்டும் கழகம் கண்டனர். தலையெழுத்தை நொந்திருந்தால் பூர்ழே பானத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு வீடு போயிருப்பார்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். பாரதியாரின் பாடல்கள் பட்ட பாட்டைப் பாருங்கள்.

பாரதியார் வணிகம் அறியாத கனவுக்காரர் அல்லர். 1920-இல், தம் படைப்புகளை நாற்பது நூல்களாக்கி, நூலொன்றுக்குப் பத்தாயிரம் படி அச்சிடத் திட்டமிட்டார். முதல் திரட்டச் சுற்றறிக்கையும் விடுத்தார். உதவிக்கரம் நீளவில்லை. 1921 செப்டம்பரில் மறைந்தார். செல்லம்மாள் 'பாரதி ஆச்ரமம்' என்னும் பெயரில் நூல் வெளியிட்டுப் பார்த்தார். பின்னர் நூலுரிமை, பாரதியாரின் இளவல் சி. விசுவநாதனும் பிறரும் நடத்திய பாரதி பிரசுராலயத்தின் கைக்கு மாறிற்று.

அதற்குள் உலகம் மாறிவிட்டது. தமிழின் முதல் பேசும் படம் 1931-இல் வந்தது. இசைத்தட்டு ஊரெங்கும் சுழன்றது. பாரதியார் உயிரோடிருந்தபோது விலையே இல்லாதிருந்த உரிமைக்கு விலை பிறந்தது. 1934-இல் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமையைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கினார், நகை வணிக நிறுவனத்தைச் சேர்ந்த ஜேசிங்லால் மேத்தா. பொன்னை உரைத்துப் பார்க்கும் கை, பாட்டையும் உரைத்துப் பார்த்தது! அவரிடமிருந்து பன்மடங்கு விலைக்கு வாங்கினார் ஏ. வி. மெய்யப்பன். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாட, பாரதியார் பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன.

மறு ஆண்டு, டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதியார் பாட்டொன்று இடம்பெற்றது. உரிமை மீறல் என்று மெய்யப்பன் சட்டத்தை நாடினார். சட்டப்படி அவர் செய்தது தவறன்று. விலை கொடுத்து வாங்கிய பொருள். ஆனால் நாடு திடுக்கிட்டது. விடுதலை பாடியவனின் பாட்டுக்கே விடுதலையில்லையா? 1948-இல் 'பாரதி விடுதலைக் கழகம்' தோன்றியது. நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், டி. கே. சண்முகம் முதலியோர் நெல்லை சென்று செல்லம்மாளின் இசைவைப் பெற்றனர். முதலமைச்சராயிருந்தவர் நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். 1949-இல் அரசு உரிமையை ஏற்க முன்வந்தது. மெய்யப்பன் தம் உரிமையை விலையின்றி அளித்தார். குடும்பத்தாருக்கு அரசு தொகை வழங்கிற்று. 1955-இல் பாடல்கள் மக்களுக்கே பொதுவாயின. அன்றைய சட்டம் வைத்த எல்லை, ஆசிரியர் மறைவுக்குப்பின் ஐம்பதாண்டு. கிளர்ச்சி எழாதிருந்தால் 1971 முடியுமட்டும் காத்திருந்திருப்போம்!

ஒரு கவிஞருக்காக நாடு எழுந்தது. எல்லோருக்காகவும் எழுமா? திரைப்படத்துக்கு எழுதியோர் கதையைக் கேளுங்கள். 1969-இல் 'இந்தியன் பெர்பார்மிங் ரைட் சொசைட்டி' தோன்றியது. ஆனால் கூலி கொடுத்து எழுதச் சொன்ன தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், பாட்டின் முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 2012-இல்தான் சட்டம் திருந்தியது. படம் திரையரங்கில் ஓடுவது நீங்கலாகப் பிற வழிகளில் பாட்டு ஈட்டும் பணத்தில், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு; அதைக் கைவிடுவதாக எழுதி வாங்கினாலும் செல்லாது. எத்தனை ஆண்டு என்று எழுதப்படாத உரிமை மாற்றம் ஐந்தாண்டோடு முடியும். எந்த நிலம் என்று எழுதாவிடில் இந்தியாவோடு நிற்கும். உரிமை கொடுத்த நாளில் இல்லாத புதுவழி, பெயர் சுட்டி எழுதினாலொழிய அதில் அடங்காது.

இவற்றை எழுதியவன் பிரமனல்லன், மனிதன். மனிதன் எழுதியதை மனிதன் திருத்தினான். அதுதானே வரலாறு?

ஆயினும், சட்டம் காக்காத செல்வமும் ஒன்று உண்டு. கல்வராயன் மலையிலே தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் பங்கும் இல்லை. பாடுபவரின் குரலுக்கு 1994 முதல் சட்டத்தில் உரிமையுண்டு. பாட்டை வளர்த்த ஊருக்கு இல்லை. அடுத்த திருத்தம் அங்கிருந்து தொடங்கட்டும்.

அந்த இளைஞன் கையெழுத்திடவில்லை. மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினான்: எத்தனை ஆண்டுக்கு? எந்தெந்த வழிக்கு? என் பங்கு எவ்வளவு? மறுமொழி இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. வாய்ப்பு நழுவியதோ என்ற அச்சமும் இருந்தது. அதை நான் மறைக்கமாட்டேன். கேள்வி கேட்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அவன் தந்தை நாள்தோறும் எடைமேடையருகே கேட்கும் கேள்விகளைத்தான் மகன் தாளின்மீது கேட்டான்.

தோழர்களே, உங்கள் ஊரிலும் பாடுகிறவர் இருப்பார். அவர் கையில் ஒரு தாள் வரும்போது அருகில் அமருங்கள். வரிவரியாகப் படித்துச் சொல்லுங்கள். தலையில் எழுதியதைப் படித்தவர் எவருமில்லை. தாளில் எழுதியதைப் படிக்க நாம் இருக்கிறோம்!